கலர் டப்பாவைக் கடைசியில் திறங்கள்

குன்னூரில் சோபா வேலை பார்க்கிறேன். எஸ்டேட் பங்களா நாற்காலி, ஹோம்ஸ்டே சோபா எல்லாம் கைக்கு வரும். "தோல் சோபா கலர் போயிடுச்சுண்ணே, அடிச்சுக் குடுங்க" என்பார்கள். பாதி நேரம் கலர் அங்கேயேதான் இருக்கும், அழுக்குக்கு அடியில்.

முதலில் அது தோல்தானா என்று பாருங்கள். சோபாவைக் கவிழ்த்து அடித்துணியை விலக்கினால் ஓரத்தின் பின்புறம் தெரியும். நெய்த துணி தெரிந்தால் ரெக்சின். அது உரிய ஆரம்பித்துவிட்டால் கலர் நிற்காது, மாற்றித் தைக்கத்தான் வேண்டும். நார்நாராக இருந்தால் தோல். அடுத்து, தேயாத இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் மேற்பூச்சு உள்ள தோல், வீட்டிலேயே செய்யலாம். உடனே உறிஞ்சிக் கறுத்தால் பூச்சில்லாத தோல், அதை விட்டுவிடுங்கள். பழைய பங்களா நாற்காலியில் விரல் வைத்தால் செம்பொடி ஒட்டுகிறதா? ஆவாரம்பட்டை போன்ற பட்டைகளில் பதனிட்ட தோல் காலப்போக்கில் அமிலமேறி உதிர்கிறது என்று அர்த்தம். தண்ணீர் பட்டால் இன்னும் கறுத்து விறைக்கும். அதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது.

மலையில் அடுத்த எதிரி பூஞ்சை. சோபாவை வெளியே தூக்கி, மாஸ்க் போட்டுக்கொண்டு, காய்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள். வீட்டுக்குள் தட்டினால் பூஞ்சைத்தூள் மெத்தைக்கும் திரைக்கும் போய்ச் சேரும். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலையும் தண்ணீரையும் சரிபாதி கலந்து, துணியில் லேசாக நனைத்து, மறைவான ஓரத்தில் சோதித்துவிட்டுத் துடையுங்கள். காய வைப்பது காற்றோட்டமான நிழலில். மார்ச் மாத மலை வெயில் இதமாகத்தான் தெரியும், தோலை வெடிக்க வைத்துவிடும்.

துடைக்கத் துணி சோப்பு வேண்டாம். தோல் அமிலத்தன்மை உள்ளது, சோப்பு காரம். வெதுவெதுப்பான நீரில் குழந்தைகளுக்கான ஷாம்பு சில சொட்டு விட்டு, நுரையை மட்டும் எடுத்துத் துடையுங்கள். இங்கே எதற்கெடுத்தாலும் நீலகிரித் தைலம்தான், எனக்கும் சளிக்கு அதுதான். தோல் சோபாவில் தேய்த்தால் பூச்சையே இளக்கிவிடும்.

கஷ்டமான இடம் தலை சாயும் பகுதி. நம் வீடுகளில் தேங்காய் எண்ணெய் தடவிய தலை வருடக்கணக்காக அங்கேதான் சாய்கிறது. தோல் குடித்த எண்ணெய் போகாமல் எந்தக் கலரும் பிடிக்காது, உரிந்து வரும். டால்கம் பவுடரைத் தடிமனாகத் தூவி ஒரு இரவு விடுங்கள், காலையில் தட்டிவிட்டு மறுபடி தூவுங்கள். பவுடர் மஞ்சளாவது நிற்கும்வரை இதே வேலை. கான்ஃபிளார் வேண்டாம், மிச்சமிருந்தால் பூஞ்சைக்குத் தீனி. பளபளப்புக்காக மேலே தேங்காய் எண்ணெய் பூசுகிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை, அடுத்த மழைக்குப் பிறகு அவர்களே வருவார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு வெளுத்திருந்தால் கலர். ஷூ பாலிஷ் உடுப்பில் ஒட்டும், தொடாதீர்கள். தண்ணீரில் கரையும் லெதர் கலர் வாங்குங்கள். தேய்ந்த இடத்தை 800 நம்பர் உப்புத்தாளால் லேசாக உரசி, ஆல்கஹாலால் துடைத்து, காயவிடுங்கள். குஷனுக்கு அடியில் மறைந்திருக்கும் தோல்தான் பழைய நிறத்துக்குச் சாட்சி. அங்கே ஒரு பொட்டு வைத்துக் காய்ந்தபின் ஒப்பிடுங்கள், ஈரத்தில் நிறம் ஏமாற்றும். மூடுபனி வெளிச்சத்திலும் அப்படியே. ஸ்பாஞ்சில் மெல்லிசாக ஒற்றி, காயவைத்து, அடுத்த பூச்சு. நாலைந்து பூச்சு ஆகும். கடைசியில் மேட் டாப் கோட், அதாவது பளபளக்காத மேற்பூச்சு.

ஊட்டி, கூடலூர் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையும், குன்னூர், கோத்தகிரியில் அக்டோபர், நவம்பரிலும் இந்த வேலையைத் தொடவே வேண்டாம், காயாது. ஜனவரியில் வானம் தெளிவாக இருக்கும், ஆனால் நடுப்பகலில் மட்டும் பூசுங்கள். 10 டிகிரிக்குக் கீழே இந்தக் கலர் சரியாகப் படியாது.

முடிந்ததும் இரண்டு நாள் யாரும் உட்கார வேண்டாம். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், கணப்புக்கு நேரே போடவே போடாதீர்கள். தலைப்பக்கம் ஒரு துண்டு விரியுங்கள். அழகாக இல்லை என்று வீட்டில் சொல்வார்கள், சொல்லட்டும்.