‘பிளாக் ஸ்வான்’: பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டேரன் அரனாஃப்ஸ்கி இயக்கி 2010-இல் வந்த படம் இது. பார்த்து முடித்ததும் பலர் எது நிஜம், எது பிரமை என்று பட்டியல் போட உட்கார்ந்துவிடுகிறார்கள். அது வீண் வேலை. விருந்துக்கு நடுவே குளியலறையில், நாயகியான பாலே நடனக்காரி நீனா நகக்கண் ஓரத்துத் தோலைப் பிய்ப்பாள். விரல் நெடுக உரிந்துகொண்டே வரும். அடுத்த நொடி பார்த்தால் விரலில் ஒன்றும் இருக்காது. அவளுக்குத் தெரிவதுதான் நமக்கும் தெரியும் என்று படம் அங்கேயே சொல்லிவிடுகிறது. கேமராவும் அவள் பிடரியை ஒட்டியே அலைகிறது. அதனால், இந்த நேரத்தில் இவளுக்கு ஏன் இது தெரிகிறது என்று கேட்பதுதான் பயன் தரும்.

பாலே தெரியாதே என்று தயங்கவும் வேண்டாம். சைக்கோவ்ஸ்கியின் ‘ஸ்வான் லேக்’கில் வெள்ளை அன்னம், கறுப்பு அன்னம் இரண்டையும் வழக்கமாக ஒருவரே ஆடுவார். படத்தில் அந்த வாய்ப்பு கிடைக்கும் நீனாவுக்கு வெள்ளை கைவந்த கலை, கறுப்பு வரவில்லை. இது தெரிந்தால் போதும். அதற்காக பாலே உலகமே இப்படித்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், இது திகில் படம்.

வில்லன் யார் என்று தேடினால் நடன இயக்குநர் தாமஸும் நீனாவின் அம்மாவும் உடனே சிக்குவார்கள். தப்பில்லை. ஆனால் அந்தத் தேடலில் பெத் கண்ணில் படாமல் போகிறாள். நீனாவுக்கு முன் அந்தக் குழுவின் நட்சத்திரம் அவள். அவளுடைய லிப்ஸ்டிக்கையும் நகம் தேய்க்கும் அரத்தையும் நீனா திருடி வைத்துக்கொள்கிறாள், ஏதோ அவற்றில் அந்தத் திறமை ஒட்டியிருப்பதுபோல. பின்னால் திருப்பித் தர மருத்துவமனைக்குப் போகும் காட்சி இருக்கிறதே, எனக்குப் படத்திலேயே பயங்கரமானது அதுதான். நீனா ஏங்கிய இடத்தை அடைந்தவள் உடைந்துபோய்க் கிடக்கிறாள்.

அப்புறம், முடிவு. படம் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நீனாவாக நடித்த நட்டாலி போர்ட்மனுக்கு இந்தப் படம் ஆஸ்கர் வாங்கித் தந்தது. அவர் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்த கதையும் பரவியது. அதனாலோ என்னவோ, கடைசிக் காட்சியையும் உழைப்பின் வெற்றியாகவே படிக்கிறார்கள். வயிற்றில் கண்ணாடித் துண்டு குத்திய காயத்தோடு, தான் குறையே இல்லாமல் ஆடிவிட்டதாக நீனா சொல்கிறாள். கைத்தட்டலும் ஓயவில்லை. ஆனால் அதே இரவில், வெள்ளை அன்னமாக ஆடும்போது அவள் மேடையில் விழுந்தாள். அதை அரங்கமே பார்த்தது.