நெடுந்தீவுக் குதிரைவெளியில் ஒரு பகல்: நடை, கட்டுச்சோறு, கடைசிப் படகு

யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் இருக்கும் நெடுந்தீவுக்கு ஒருநாள் பயணம் போகிறவர்கள் பலர் அந்த நாளை ஓட்டோவுக்குள்ளேயே கழித்துவிடுகிறார்கள். பெருக்குமரம் (பேபாப்), வளரும் கல், கோட்டை, புறாக்கூடு, வெடியரசன் கோட்டை, குதிரை என்று ஒவ்வொரு இடத்திலும் இறங்கி, ஒரு படம் எடுத்து, மறுபடி ஏறி, கடைசியில் படகுக்கு ஓடுவதுதான் வழக்கம். தீவின் பரப்பு சுமார் 50 சதுர கிலோமீற்றர். ஒரு பகலில் அதை முழுக்கப் பார்க்கவும் முடியாது, அப்படிப் பார்ப்பதில் சுகமும் இல்லை. தெற்கே, கட்டாக்காலி மட்டக்குதிரைகள் மேயும் குதிரைவெளியை மட்டும் எடுத்துக்கொண்டு, அங்கே ஆறுதலாக நடந்து, சாப்பிட்டு, திரும்பும் வழியில் நேரம் மிஞ்சினால் கோட்டையைப் பாருங்கள். கீழே உள்ளதெல்லாம் அப்படிப் போகிறவர்களுக்குத்தான்.

எப்போது போவது

மாசியும் பங்குனியும்தான் நல்ல காலம். மாரி மழையில் நிறைந்த குளங்களில் அப்போதும் தண்ணீர் நிற்கும், புல் பச்சையாக இருக்கும், கடலும் அடங்கியிருக்கும். வைகாசிக்குப் பிறகு சோளகம் என்ற தென்மேற்குக் காற்று எழும்பினால் படகு ஆடுகிற ஆட்டத்தில் பாதிப் பேர் சாப்பிட்டதைக் கடலுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஆவணி, புரட்டாதியில் வெளி காய்ந்து கருகிக் கிடக்கும். குதிரைகள் தண்ணீரில்லாமல் மெலிந்து நிற்பதும் சாவதும் அந்த மாதங்களில்தான். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிற காட்சி அல்ல அது. ஐப்பசி முதல் மார்கழி வரை மழை. காற்று கூடினால் படகே ஓடாது.

கிழமை நாளில் போங்கள். சனி, ஞாயிறு, பள்ளிக்கூட விடுமுறை நாட்களில், படகு ஏறும் துறையான குறிகட்டுவானில் வரிசை வீதிவரைக்கும் வந்துவிடும்.

கடலைத் தாண்டுவது

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து 776ஆம் இலக்க பஸ் பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவானுக்குப் போகும். ஒன்றரை மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். காலைப் படகைத் தவறவிட்டால் அன்றைய பயணம் கெட்டதுதான். மத்தியானம் போய் இறங்கி ஒன்றும் செய்ய முடியாது. காற்றைப் பார்த்தும் ஆளணியைப் பார்த்தும் படகு நேரம் மாறும் என்பதால், முதல்நாளே நெடுந்தீவில் ஆரையாவது, அல்லது தங்குமிடம் நடத்துகிறவர்களையாவது, ரெலிபோனில் கேட்டு உறுதிசெய்யுங்கள். பழைய அட்டவணையின் படத்தை நம்பிப் போகாதீர்கள்.

புதிதாகப் போகிறவர்கள் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. நயினாதீவுப் படகும் அதே துறையிலிருந்துதான் வெளிக்கிடுகிறது. கோயிலுக்கும் விகாரைக்கும் போகிற கூட்டம் பெரிது, அதன் வரிசையும் நீளம். கண்ணை மூடிக்கொண்டு நீளமான வரிசையில் நின்றால் கால் மணித்தியாலத்தில் நயினாதீவில் நிற்பீர்கள். ஏறுமுன் ‘நெடுந்தீவோ?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தேசிய அடையாள அட்டை கையில் இருக்கட்டும். உயிர்காப்பு அங்கி தந்தால் மடியில் வைக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். தலைசுற்று உள்ளவர்கள் படகின் நடுப்பகுதியில், காற்றுப் படுகிற இடத்தில், தூரத்துக் கரையைப் பார்த்தபடி இருக்க வேண்டும். கீழ்த்தட்டில் டீசல் மணமும் புழுக்கமும் சேர்ந்தால் சுகதேகிக்கும் வயிற்றைப் புரட்டும்.

இறங்குவது மாவலித்துறையில். இறங்கினதும் செய்ய வேண்டிய முதல் வேலை, திரும்பும் படகு எத்தனை மணிக்கு என்று படகுக்காரரிடமே கேட்பது. அன்றைய திட்டம் முழுவதையும் அந்த நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். படகுக்கு முக்கால் மணி முன்னர் துறையில் நிற்க வேண்டும், குதிரைவெளியிலிருந்து துறைக்கு வர வாகனத்தில் அரை மணித்தியாலத்துக்கு மேல் ஒதுக்க வேண்டும். மிச்சம் இருப்பதுதான் உங்களுடைய நேரம். எப்படிப் பார்த்தாலும் மூன்று, நான்கு மணித்தியாலத்தைத் தாண்டாது.

துறைக்கு அருகே, 1985 மே 15 அன்று குமுதினி என்ற பயணிகள் படகில் வைத்துக் கொல்லப்பட்டவர்களின் நினைவிடம் இருக்கிறது. நின்று கும்பிட்டுவிட்டுப் போகலாம். சாப்பாட்டுப் பொதியை அவிழ்க்கிற இடம் அது அல்ல.

வெளிவரை வாகனம், பிறகு கால்

துறையிலிருந்து தெற்கு வெளிக்கு நடந்தே போய்வர நினைக்காதீர்கள். பகலில் பாதி தார்வீதியிலேயே போய்விடும். ஓட்டோவோ பிக்கப்போ பிடித்து, ‘குதிரை லாயத்தடியில் இறக்கிவிட்டு இத்தனை மணிக்கு வந்து ஏற்றுங்கோ’ என்று பேசுங்கள். போகவும் வரவும் சேர்த்து விலையை ஏறுமுன்னரே முடித்துக்கொள்ளுங்கள், பாதியைத் திரும்பி வந்தபிறகு கொடுங்கள். சாரதியின் ரெலிபோன் இலக்கத்தை வாங்கி வைப்பதும் நல்லது.

சைக்கிளில் போவதென்றால் அதுதான் தீவுக்கு மிகப் பொருத்தம். மேடு பள்ளமே இல்லாத நிலம். ஆனால் இரண்டு எதிரிகள் உண்டு: எதிர்காற்றும் நெருஞ்சி முள்ளும். வாடகைக்கு எடுக்கும்போது பிரேக்கையும் ரயரையும் பாருங்கள். ஒட்டு, பசை, சின்னப் பம்பு மூன்றையும் வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். வெளிக்குள் சைக்கிளை உருட்டாமல் வீதியோரம் பூட்டிவிட்டு நடங்கள்.

இந்த வெளியின் கதை தெரிந்தால் நடையில் ஒரு பிடிப்பு வரும். ஒல்லாந்தர் இந்தத் தீவைக் குதிரை வளர்க்கும் பட்டியாக வைத்திருந்தார்கள். நாலு பக்கமும் கடல், ஓநாயோ சிறுத்தையோ இல்லை, புல் உண்டு; வேலி போடத் தேவையில்லாத பட்டி. பிறகு பிரித்தானியர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நோலன் என்ற படை அதிகாரி தீவை நிர்வகித்துக் குதிரை வளர்ப்பைத் தொடர்ந்தார். குதிரைக்குத் தேவை குறைந்தபோது ஆட்கள் போய்விட்டார்கள், குதிரைகள் நின்றுவிட்டன. இப்போது மேய்கிறவை அவற்றின் வழிவந்த மட்டக்குதிரைகள். தீவின் ஒரு பகுதி 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

பழைய குதிரை லாயத்தில் இப்போது கூரை இல்லை. முருகைக்கல் (பவளக்கல்) தூண்கள் வரிசையாக நிற்கின்றன, அவ்வளவுதான். தூணுக்குக் கிட்டப் போய்ப் பாருங்கள். கல்லில் தேன்கூட்டு அறைபோன்ற பூவடையாளங்கள் தெரியும். உயிரோடிருந்த பவளத்தின் அச்சு அது. சுண்ணாம்புச் சாந்து உதிர்ந்த இடத்தில் கையை ஊன்றினால் பொடிப்பொடியாக வரும். எனவே ஏறவும் சாயவும் வேண்டாம்.

லாயத்தின் அயலிலுள்ள சாராப்பிட்டிக் கிணறுகளை விட்டுவிடாதீர்கள். பலர் எட்டிப் பார்த்துவிட்டு, ‘கிணறுதானே’ என்று போய்விடுகிறார்கள். உண்மையில் முழுத் தீவின் கணக்கும் அதற்குள்தான் இருக்கிறது. நிலம் முழுக்க முருகைக்கல்லும் சுண்ணக்கல்லும். மழைநீர் அதற்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புத்தண்ணீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. உப்புத்தண்ணீரைவிட நல்லதண்ணீர் பாரம் குறைந்தது என்பதால் அது மேலே நிற்கிறது. ஆழமாகத் தோண்டினாலோ, அளவுக்கு மிஞ்சி அள்ளினாலோ கீழிருந்து உப்பு ஏறிவிடும். ஆகவேதான் இங்கே ஆழங்குறைந்த கிணறுகள். கோடையில் ஒரு மட்டக்குதிரைக்கு நாளொன்றுக்கு அண்ணளவாக 20 லீற்றர் தண்ணீர் வேண்டும். மாடுகளுக்கும் ஆட்களுக்கும் வேறு. கிணற்றடியில் கை, கால், கோப்பை கழுவாதீர்கள், கல் போட்டு ஆழம் பார்க்காதீர்கள்.

அங்கிருந்து வெளிக்குள் நடக்கலாம். மண்பாதையில் மணிக்கு நாலு கிலோமீற்றர் நடக்கிறவர் உடைந்த முருகைக்கல்மேல் மூன்றுதான் நடப்பார். றப்பர் செருப்பு போட்டால் ஓரம் கிழியும். தடித்த அடியுள்ள சப்பாத்து வேண்டும். காணிகளைச் சுற்றி ஒரு துளி சாந்தில்லாமல் அடுக்கிய முருகைக்கல் வேலிகளைக் காண்பீர்கள். ஒரு கல்லின் இடுக்கில் அடுத்த கல் இறுகி நிற்கிறது. ஏறிக் குதித்தால் நடுவில் ஒரு கல் நகரும், பிறகு இரண்டு முழ நீளத்துக்குச் சரியும், ஆடு உள்ளே போகும், காணிக்காரருடைய ஒரு நாள் வேலை வீணாகும். படலையைத் தேடிச் சுற்றிப் போங்கள். இன்னொரு காரணமும் உண்டு: அந்த இடுக்குகள் சுருட்டை விரியனுக்கும் தேளுக்கும் வீடு. பார்க்காமல் கையை வைக்கக் கூடாது. கடித்தால் வெட்டவோ கயிற்றால் இறுக்கவோ வேண்டாம், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் நேரே தீவின் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். அதற்கு மேலான வைத்தியம் கடலுக்கு அப்பால் என்பதால் தாமதிக்கிற ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

குதிரைகளோடு

மாரி முடிந்த கையோடு போனால் கூட்டங்கள் வெளியெங்கும் பரந்து நிற்கும், தேடி நடக்க வேண்டும். வெயில் ஏற ஏறத் தண்ணீர் உள்ள குளத்தடிக்கும் தொட்டியடிக்கும் வந்து சேரும். உச்சிவெயிலில் பனங்கூடல் நிழலில் அசையாமல் நிற்பதால் தூரத்திலிருந்து பார்க்கிறவருக்குப் பற்றைபோலத் தெரியும், வாலசைவைக் கவனியுங்கள்.

50 மீற்றருக்குக் கிட்டப் போகாதீர்கள். மேய்ந்த குதிரை தலையை நிமிர்த்தி உங்களைப் பார்த்தால் அது எல்லை, அங்கே நில்லுங்கள். காதைப் பின்னால் மடக்கித் தலையைத் தாழ்த்தி ஆண்குதிரை முன்னே வந்தால் முதுகைக் காட்டாமல் பக்கவாட்டாக மெல்ல விலகுங்கள். தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் போய்விடவே கூடாது. மோட்டார்சைக்கிளில் துரத்தி ஓடவைத்துப் படம் பிடிக்கிறவர்களைக் கண்டால் சொல்லுங்கள்: கோடையில் தண்ணீர் கிடைக்காத மிருகத்தை ஓடவிட்டு வியர்க்க வைப்பது அதைக் கொல்வதற்குச் சமம்.

தின்னக் கொடுப்பதும் கூடாது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. பாணோ, எஞ்சிய சோறோ, எண்ணெய் மணத்துக்காகத் தின்ற சொப்பிங் பையோ உள்ளே போனால் திரும்பி வர வழியில்லை, குடல் அடைத்து வலியில் புரண்டு சாகும்.

சாப்பாடும் தண்ணீரும்

ஓர் ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர், யாழ்ப்பாணத்திலிருந்தே. தீவுத் தண்ணீர் பல இடங்களில் உவர். இருக்கும் நல்லதண்ணீர் அங்குள்ளவர்களுக்கே காணாது. முதல்நாள் இரவு இரண்டு போத்தலை முக்கால் பங்கு நிரப்பி உறையவிடுங்கள். முழுக்க நிரப்பினால் உறையும்போது விரிந்து வெடிக்கும். சாப்பாட்டுப் பைக்குள் அவற்றை வைத்தால் குளிரும் கிடைக்கும், பின்னேரம் குடிக்கவும் ஆகும். ஒரு போத்தலில் மட்டும் லீற்றருக்கு ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு தேசிக்காய் கலந்து வையுங்கள்.

விடிய ஐந்து மணிக்குக் கட்டுகிற சாப்பாடு பகல் ஒரு மணிவரை தாங்க வேண்டும். இதில் தேங்காய்தான் வில்லன். தேங்காய்ப்பூப் போட்ட புட்டு, பச்சைச் சம்பல், பால்கறி எல்லாம் அந்த வெயிலில் புளித்துவிடும். புளிச்சாதம் கட்டுங்கள். நாலு பேருக்கு 600 கிராம் அரிசி, பெரிய தேசிக்காயளவு பழப்புளி, ஆறு மேசைக்கரண்டி நல்லெண்ணெய். புளிக்கரைசலை எண்ணெய் பிரியும்வரை வற்றக் காய்ச்ச வேண்டும். தண்ணீர் மிஞ்சினால் கெட்டுவிடும். சோற்றை அகன்ற தட்டில் பரப்பி நன்றாக ஆறவிட்டுத்தான் கட்ட வேண்டும். சூட்டோடு கட்டினால் ஆவி இலையில் வியர்த்து, திறக்கும்போது நூல்விடும். வாழையிலையை அடுப்பில் வாட்டி எடுத்தால் மடிக்கையில் கிழியாது. தொட்டுக்கொள்ள மோர்மிளகாய்ப் பொரியல், பொடிச்சம்பல், தேசிக்காய் ஊறுகாய். முட்டையை அவித்துக் கோதோடு கொண்டுபோய் அங்கேயே உரியுங்கள்.

இருக்கும் இடத்தைத் தெரிவதிலும் ஒரு விஷயம் உண்டு. பனை நிழல் மெல்லியது, அரைமணிக்கு ஒருமுறை நகரும். ஆவணியில் பனம்பழம் விழும், காற்று நாளில் காவோலை விழும். கிளைபரப்பிய மரத்தடி கிடைத்தால் அதுதான் நல்லது. குதிரைகள் தண்ணீருக்கு வரும் வழியில் மட்டும் பாய் விரிக்காதீர்கள். நீங்கள் எழும்பும்வரை அவை தாகத்தோடு தூர நிற்கும். நெருப்பு மூட்ட வேண்டாம், காய்ந்த புல்லும் காவோலையும் சோளகக் காற்றும் சேர்ந்தால் அணைக்க ஆளும் தண்ணீரும் இல்லை. இலையைத் தவிர மற்றக் குப்பை எல்லாம் பையில் திரும்பட்டும், முட்டைக்கோதும் சேர்த்து.

திரும்பும்போது

ஒரு மணித்தியாலம் மிஞ்சினால் வடகரையில், வைத்தியசாலையின் பின்னால் இருக்கும் கோட்டை இடிபாட்டையும் பக்கத்துப் புறாக்கூட்டையும் பாருங்கள். இரண்டும் துறைக்குப் போகிற பக்கம்தான். மிஞ்சாவிட்டால் பெருக்குமரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதன் பொந்துக்குள் பெரியவர்களே நிமிர்ந்து நிற்கலாம், ஆனால் பட்டையில் பேர் வெட்டுவது வேண்டாம், ஏற்கெனவே காணுமளவுக்கு வெட்டியிருக்கிறார்கள். வெடியரசன் கோட்டை மேற்கே இருக்கிறது. அதை இன்னொரு நாளுக்கு வையுங்கள், அல்லது ஒரு இரவு தங்குங்கள். தங்கினால் விடியற்புறமும் பொழுதுபடும் நேரமும் குதிரைகள் மேய்வதைப் பார்க்கலாம். தங்குமிடங்கள் சிலவே என்பதால் முன்கூட்டியே பேசி, இரவுச் சாப்பாட்டையும் சொல்லி வையுங்கள்.

சொந்தச் சைக்கிளைப் படகில் ஏற்றி வந்தவர்கள் வீட்டுக்குப் போனதும் நல்லதண்ணீரால் கழுவி, துடைத்து, செயினுக்கு அன்றிரவே எண்ணெய் விடுங்கள். மறுநாள் பார்க்கலாம் என்று விட்டால் கடலுப்பு செயினைத் துருவேற்றிவிடும்.