பழைய துவக்கையும் புதிய துவக்கையும் ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரித்தானியரின் முல்லைத்தீவுக் கோட்டையை வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் கைப்பற்றிய 1803ஆம் ஆண்டைப் பற்றி வன்னியில் பேச்சு எழும்போதெல்லாம், அக்காலத்து வெள்ளைக்காரரின் துவக்கு யானையைக்கூடத் தவறவிடும் என்று யாராவது ஒருவர் இன்றைய துவக்கோடு ஒப்பிட்டுச் சொல்லிவிடுவார். இந்த ஒப்பீட்டில் பல தவறுகள் கலந்துள்ளன.

முதலாவது, பழையவை எல்லாவற்றையும் ஒரே வகையாகக் கருதுவது. அன்றைய பிரித்தானியக் காலாட்படையின் வழக்கமான துவக்கான பிரவுண் பெஸ்ஸின் குழல் உட்புறம் வழவழப்பானது. அதன் உள்விட்டம் சுமார் 19 மில்லிமீற்றர், ஈயக்குண்டோ சுமார் 17.5 மில்லிமீற்றர். கரி படிந்த குழலுக்குள்ளும் குண்டை விரைவாக இறக்குவதற்காகவே இந்த இடைவெளி விடப்பட்டது. அதனால் குண்டு குழலில் முட்டி மோதி, ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு சுழற்சியுடன் வெளியேறியது. ஆனால் அதே படையில், குண்டைச் சீராகச் சுழற்றும் சுருள் வரிகள் குழலுக்குள் வெட்டப்பட்ட பேக்கர் றைபிளும் 1800 முதல் இருந்தது. அது திருத்தமாகச் சுட்டது, இறுக்கமான குண்டை நிரப்புவதற்குத்தான் நேரம் எடுத்தது. 1849இல் வந்த, எளிதாக உள்ளே இறங்கிச் சுடும்போது விரிந்து வரிகளைப் பற்றும் மினியே குண்டு அந்தத் தாமதத்தையும் போக்கிவிட்டது.

குறிபார்க்க உதவும் குறிகாட்டியில் பொறித்துள்ள தூரத்தைத் துல்லியத்தின் அளவாகக் கொள்வது இன்னொரு தவறு. பிரித்தானியப் படையின் பிற்கால றைபிளான லீ-என்ஃபீல்டின் ஆரம்ப வகைகளில் இருந்த பக்கவாட்டுக் குறிகாட்டி 2,000 யார் தூரத்தையும் தாண்டியது. அது தனியாளைச் சுடுவதற்கன்று, திரண்டு நிற்கும் படைமீது பலர் சேர்ந்து சுடுவதற்கானது.

குண்டின் வேகத்தை மறப்பதே எனக்குப் பெரிய தவறாகத் தோன்றுகிறது. லீ-என்ஃபீல்டுக்கு முந்திய, குழல்வாயால் நிரப்பும் 1853ஆம் ஆண்டு என்ஃபீல்ட் றைபிளின் குண்டு செக்கனுக்குச் சுமார் 300 மீற்றர் வேகத்தில் கிளம்பி, வளைந்த பாதையில் விழும். 300 மீற்றரில் நிற்பவரை 350 மீற்றர் என்று மதிப்பிட்டு நெஞ்சுக்குக் குறிவைத்தால், அது தலைக்கு மேலாகப் போய்விடும். செக்கனுக்கு 715 மீற்றரில் கிளம்பும் ஏ.கே. 47இன் சன்னம் அதே பிழையுடனும் பெரும்பாலும் உடலில் படும். ஆகவே இலக்குப் பலகையில் திருத்தமாகச் சுடும் பழைய றைபிள்கூடக் களத்தில் தவறியமைக்குத் தூரக் கணிப்பும் ஒரு காரணம்.

அளக்கும் முறையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே துவக்கில் பத்து வெடிகளின் பரவல், மூன்று வெடிகளின் பரவலைவிடச் சராசரியாக ஒன்றரை மடங்கு பெரிதாக இருக்கும். தொடர்ச்சியாகச் சுட்டதால் சுவரில் சிதறிய சன்னத் துளைகளைப் பார்த்து ஏ.கே. துல்லியமற்றது என்பதும், குழல்வாயால் பல ஈயத்துண்டுகளை இடித்துக் கிட்டித்த நாட்டு இடியன் துவக்கால் பன்றி விழுந்ததைக் காட்டிப் பழையதைப் புகழ்வதும் ஒற்றைக் குண்டின் துல்லியத்தைக் கூறா.

நிலத்தையும் விட்டுவிடக் கூடாது. அதே 1803 ஒக்டோபர் 31இல் பண்டாரவன்னியன் தோற்ற கற்சிலைமடுப் பக்கம் போன்ற அடர்ந்த பற்றைக்காட்டில், ஐம்பது யாருக்கு அப்பால் ஆளைக் காண்பதே கடினம். அந்த நெருக்கத்தில் பிரவுண் பெஸ்ஸின் சிதறல் பெரிதாக வெளிப்படாது. நிமிடத்துக்கு மூன்று வெடிக்கு மேல் சுடுவது அரிதென்பதும், மாரியில் நனைந்த மருந்து பற்றாதென்பதுமே அதன் குறைகளாகத் தெரியும்.