வெப் ஆர்க்கிடெக்சர் புத்தகம் வாங்கும் முன்

முன்னுரையை விடுங்கள், கடைசியில் இருக்கும் சொல்லடைவைத் திறந்து பாருங்கள். டிரான்ஸாக்‌ஷன் (பல மாற்றங்களை ஒன்றாகவே முடிப்பது, இல்லை ஒன்றாகவே கைவிடுவது), டைம்அவுட் (பதிலுக்குக் காத்திருக்கும் காலவரம்பு), ரீட்ரை (மறுபடி அனுப்புவது) மூன்றும் அதில் இல்லையென்றால், உள்ளே கட்டமும் அம்புக்குறியும் போட்ட படங்கள்தான் இருக்கும்.

ரீட்ரை பகுதியை முழுதாகப் படியுங்கள். திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஆர்டர் ஆப் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்வர் ஆர்டரைப் பதிந்துவிட்டது, பதில் வருவதற்குள் நெட் போய்விட்டது. ஆப் மறுபடி அனுப்பினால் 500 பீஸ் 1,000 ஆகிவிடும். ஒவ்வொரு ஆர்டருக்கும் தனி ஐடெம்பொட்டன்சி கீ (மறுபடி வந்தாலும் அதே ஆர்டர்தான் என்று காட்டும் அடையாளம்) கொடுத்து, டேட்டாபேஸில் அதை யூனிக் ஆக்கச் சொல்கிறதா, அதாவது ஒரே கீ இரண்டு முறை பதியாதபடி செய்யச் சொல்கிறதா? வெறுமனே மறுபடி அனுப்பச் சொன்னால் அந்தப் புத்தகம் வேண்டாம்.

பதிப்பாண்டையும் பாருங்கள். எச்டிடிபி/2 (ஒரே இணைப்பில் பல ஃபைல்களை ஒரே நேரத்தில் அனுப்பும் பிரவுசர்-சர்வர் விதிமுறை) தரநிலையாக வெளியானது 2015-இல். அதற்கு முந்தைய நூல்கள் படங்களைப் பல டொமைன்களில் பிரித்து வைக்கச் சொல்லும். இன்று அது பெரும்பாலும் வேகத்தைக் கெடுக்கும். டேட்டாபேஸ் அத்தியாயங்கள் அவ்வளவு சீக்கிரம் பழசாகாது.

நாலு பேர் டீமுக்கு மோனோலித்தே (எல்லாம் ஒரே புரோகிராமாக இருப்பது) போதும். மைக்ரோசர்வீஸாக (தனித்தனியே ஓடும் சிறு புரோகிராம்களாக) எப்போது பிரிக்கக் கூடாது என்று சொல்லும் நூலை நம்பி வாங்கலாம்.