சைடு பேனலில் பெயிண்ட் நிற்கவில்லை

வெயிலில் வெளுத்துப்போன என் சிவப்பு வண்டியை அடர் நீலமாக்க ஆசை. முதல் முறை, சைடு பேனலைத் துடைத்துவிட்டு நேரடியாக ஸ்ப்ரே அடித்தேன். இரண்டே வாரம்தான். முழங்கால் உரசும் இடத்தில் பாம்புச் சட்டை மாதிரி உரிந்து வந்தது. மனசே கேட்கவில்லை.

பேனலைக் கழற்றித் திருப்பிப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. உள்பக்கம் பொடி எழுத்தில் ‘பிபி’ என்று அச்சு. அதாவது பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக், இதில் பெயிண்ட் லேசில் ஒட்டாது. ‘ஏபிஎஸ்’ என்ற இன்னொரு வகை பிளாஸ்டிக்காக இருந்தால் இவ்வளவு பாடில்லை.

சரி என்று மறுபடி தொடங்கினேன். பழைய பெயிண்டைச் சுரண்டி, சோப்பு போட்டுக் கழுவி, 600 நம்பர் வாட்டர் பேப்பரால் பளபளப்பு போகும்வரை தேய்த்தேன். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தேன். பாலிஷ் பிசுக்கு மிச்சமிருந்தால் பெயிண்ட் குழிகுழியாக விலகிவிடும். அப்புறம் பெயிண்டைப் பிடிக்கவைக்கும், பிளாஸ்டிக்குக்கான அடீஷன் புரோமோட்டர் மெல்லிசாக ஒரு கோட். அதன்மேல் நீலம் மூன்று கோட், ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிட இடைவெளி. கடைசியில் கிளியர் கோட். முழுதாகக் காய ஒரு வாரம் விட்டேன். அவசரப்படவே கூடாத இடம் இதுதான்.

ஆர்.சி.யில் வண்டியின் நிறமும் இருக்கும். அதையும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முறைப்படி மாற்றிக்கொண்டேன். ஒரு மழைக்காலம் போய்விட்டது, முழங்கால் படும் இடத்தில் நீலம் அப்படியே இருக்கிறது.