மாடிப்படிக்குக் கைப்பிடி: அளவெடுப்பது முதல் பொருத்துவது வரை

வீடு கட்டும்போது கைப்பிடியைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கடைசியில்தான் வருகிறது. புதுமனைப் புகுவிழாவுக்கு நாள் குறித்து, பத்திரிகையும் அடித்த பிறகு, வெல்டிங் பட்டறைக்காரர் கைபேசியில் காட்டும் நான்கைந்து படங்களில் ஒன்றைச் சுட்டிக்காட்டி, "இதையே போட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிடுகிறோம். அந்தப் படங்களில் கைப்பிடியின் தோற்றம் தெரியுமே தவிர, அதைப் பிடிக்கப்போகும் கை தெரியாது. முதன்முறையாகக் கைப்பிடி அமைப்பவர்கள் பட்டறைக்குப் போவதற்கு முன்பே வீட்டில் செய்து முடிக்க வேண்டிய வேலைகளிலிருந்து இந்த விளக்கத்தைத் தொடங்குகிறேன்.

முதல் வேலை: சுவரைப் பார்த்து அளவெடுங்கள்

எங்கள் வீட்டு மாடிப்படி இரண்டு சுவர்களுக்கு நடுவே செல்வது. விழுவதற்குத் திறந்த பக்கம் ஏதும் இல்லாததால் அதற்குக் கைப்பிடி தேவையில்லை என்று கட்டும்போது முடிவு செய்துவிட்டோம். மூன்று ஆண்டுகள் கழித்து வெள்ளையடிக்க வந்தவர், சுவரில் ஓடிய ஒரு கறையைக் காட்டி, "இதற்கு இரண்டு முறை பட்டி வைக்க வேண்டும்" என்றார். அம்மா இறங்கும்போது இடது உள்ளங்கையைச் சுவரில் ஊன்றி ஊன்றி வந்ததால் படிந்த எண்ணெய்க் கறை அது. மேலிருந்து கீழ்வரை சரிவாக ஒரு பட்டைபோல் ஓடிய அந்தக் கறை, படி திரும்பும் இடத்தில் மட்டும் ஐந்து விரல்களும் தெரியும் அளவுக்கு அடர்ந்திருந்தது. அங்கேதான் அவர் நின்று, மூச்சு வாங்கி, காலை மாற்றி வைத்திருக்கிறார். சுவரில் ஊன்றிய கை உடலைச் சற்றே தாங்குமே தவிர, கால் வழுக்கினால் பிடித்து நிறுத்தாது. படியின் மூக்கிலிருந்து, அதாவது முன்விளிம்பிலிருந்து, அந்தக் கறை இருந்த உயரத்தை அளந்தேன். 35 அங்குலம் இருந்தது.

கட்டட விதிகள் சொல்லும் உயரமும் ஏறக்குறைய இதுதான். அமெரிக்காவில் 34 முதல் 38 அங்குலம் வரை என்றும், இங்கிலாந்தில் 900 முதல் 1000 மி.மீ. வரை என்றும் வரையறுத்திருக்கிறார்கள். நம் ஊர்க் கொத்தனார்கள் வழக்கமாகச் சொல்லும் மூன்றடியும் இந்த வரம்புக்குள் அடங்கிவிடுகிறது. பழைய வீட்டில் புதிதாகக் கைப்பிடி வைப்பவர்கள் முதலில் சுவரில் கறை இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வீட்டில் வாழ்பவர்களின் உடலுக்கேற்ற உயரத்தையும், கை அதிகம் தேடும் இடத்தையும் அது காட்டிக்கொடுத்துவிடும்.

உயரத்தை எப்போதும் படியின் முன்விளிம்பிலிருந்து செங்குத்தாகவே அளக்க வேண்டும். மேல் படியின் மூக்கிலிருந்து கீழ்ப் படியின் மூக்கு வரை நூல் பிடித்து, அதற்கு இணையாக மூன்றடி உயரத்தில் சுவரில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கிரானைட் அல்லது டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் அளவெடுத்தால், கல்லும் கலவையும் சேர்ந்து தரையை உயர்த்திய பிறகு கைப்பிடி ஒன்றரை, இரண்டு அங்குலம் தாழ்ந்து நிற்கும்.

ஒரு பக்கம் மட்டும் வைக்க இடம் இருந்தால், எந்தப் பக்கம் என்பதை ஏறுவதை வைத்து முடிவு செய்யாமல் இறங்குவதை வைத்து முடிவு செய்யுங்கள். இறங்கும்போது விழுவதுதான் பெரிய காயத்தில் முடிகிறது. வீட்டிலுள்ள மூத்தவர் இறங்கும்போது அவருடைய வலுவான கை எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம் கைப்பிடி வேண்டும். பக்கவாதத்தால் ஒரு கை தளர்ந்தவர் இருக்கும் வீட்டில், ஏறுவதற்கு ஒன்றும் இறங்குவதற்கு ஒன்றுமாக இரண்டு பக்கமும் தேவைப்படும்.

இரண்டாவது வேலை: கைக்குள் அடங்குகிறதா என்று பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள். கட்டை விரலும் மற்ற விரல்களும் சுற்றி வளைத்து இறுக்கிப் பிடிக்க முடிந்தால்தான் அது கைப்பிடி. மேலே கையை வைத்துக்கொள்ள மட்டுமே இடம் தரும் அகலமான மரப்பலகையோ, கிரானைட் பதித்த கைப்பிடிச் சுவரோ, கால் வழுக்கும் அந்த ஒரு நொடியில் உதவாது. என் தாத்தா வீட்டு மச்சுப்படி ஏணியைப் போலச் செங்குத்தானது. அதற்குக் கைப்பிடி கிடையாது, மேலே உத்தரத்திலிருந்து ஒரு தடித்த கயிறு மட்டும் தொங்கும். எண்பது வயதிலும் தாத்தா அதைப் பிடித்துக்கொண்டுதான் ஏறி இறங்கினார். அழகு என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை என்றாலும், அது கைக்குள் முழுமையாக அடங்கியது.

உருண்டைக் குழாயாக இருந்தால் வெளி விட்டம் 32 முதல் 50 மி.மீ. வரை இருப்பது பிடிப்பதற்கு ஏற்றது. பட்டறைகளில் பெரும்பாலும் 2 அங்குலக் குழாயையே பரிந்துரைப்பார்கள்; பார்வைக்கு அது கனமாக, எடுப்பாகத் தெரியும். ஆனால் அது மேல் வரம்பைத் தொட்டுவிடுகிறது. சிறிய கை உள்ள பெண்களுக்கும், விரல் மூட்டுவலி உள்ளவர்களுக்கும், வளரும் பிள்ளைகளுக்கும் ஒன்றரை அங்குலமே வசதியானது. இதை யார் சொல்லியும் நம்ப வேண்டாம். பட்டறையில் கழிவாகக் கிடக்கும் துண்டுகளில் ஒன்றேகால், ஒன்றரை, இரண்டு அங்குலக் குழாய்களை அரையடி நீளத்துக்கு வாங்கி வந்து, வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் ஈரக்கையால் பிடிக்கச் சொல்லுங்கள். நான் அவ்வாறு செய்தபோது அம்மா ஒன்றரை அங்குலத் துண்டைப் பிடித்தவுடன், "இது கரண்டிக் காம்பு மாதிரி இருக்கிறது" என்றார். அதன் பிறகு நான் வேறு யாரையும் கேட்கவில்லை.

சுவரில் பொருத்தும் கைப்பிடிக்கும் சுவருக்கும் இடையே ஒன்றரை முதல் 2 அங்குலம் இடைவெளி வேண்டும். குறைந்தால் விரல் முட்டிகள் சுவரில் உரசும். தாங்கிகள் குழாயின் அடிப்பக்கத்திலிருந்து வர வேண்டும். பக்கவாட்டில் வந்தால், வழுக்கிச் செல்லும் கை ஒவ்வொரு தாங்கியிலும் தடைபட்டு விடும். முதல் படிக்கு முன்பும் கடைசிப் படிக்குப் பின்பும் கைப்பிடி ஏறத்தாழ ஓரடி நீண்டிருக்க வேண்டும், ஏனெனில் மின்தடையான இரவில் "படி முடிந்துவிட்டது" என்று நினைத்து இல்லாத தரையில் காலை வைப்பவர்கள்தான் அதிகம். கைப்பிடி கிடைமட்டமாக மாறும் இடத்தை வைத்துப் படி முடிந்ததைக் கையே உணர்ந்துகொள்ளும். நீட்டிய முனையை அப்படியே விட்டால் முந்தானையும் துப்பட்டாவும் பள்ளிக்கூடப் பையின் வாரும் அதில் மாட்டும். எனவே முனையைச் சுவரை நோக்கியோ கீழ்நோக்கியோ வளைத்து முடிக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது வேலை: குழந்தையின் கண்ணால் பாருங்கள்

திறந்த பக்கம் உள்ள படிக்கட்டுக்கும் பால்கனிக்கும் இது பொருந்தும். நம் ஊரில் மிகவும் பரவிய அமைப்பு, தூண்களுக்கு நடுவே மூன்று முதல் ஐந்து மெல்லிய குழாய்களைக் கிடைமட்டமாக ஓட்டுவது. வேலை எளிது, கோடுகளும் நேர்த்தியாகத் தெரியும். ஆனால் இரண்டு வயதுக் குழந்தைக்கு அது ஓர் ஏணி. சிறு குழந்தைகள் வந்துபோகும் வீடாக இருந்தால் கம்பிகளைச் செங்குத்தாகவே வையுங்கள். எந்த இடைவெளியிலும் 10 செ.மீ. விட்டமுள்ள பந்து நுழையக் கூடாது என்பது பல நாட்டு விதிகளில் உள்ள அளவு. குழந்தையின் உடல் நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும் விபத்தைத் தவிர்ப்பதற்காகவே இப்படி வைத்திருக்கிறார்கள். 10 செ.மீ. அகலத்தில் ஒரு மரக்கட்டையை வெட்டி வைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் ஒவ்வொரு சந்திலும் வைத்துப் பாருங்கள். கிடைமட்ட அமைப்பை ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள், உள்பக்கம் ஒளிபுகும் அக்ரிலிக் தகட்டை மூன்றடி உயரத்துக்கு அடித்துக்கொள்ளலாம்.

மாடி முகப்பிலும் பால்கனியிலும் தடுப்பின் உயரம் மூன்றடி போதாது. மூன்றரை அடி வையுங்கள்.

நான்காவது வேலை: அடித்தளத்தை மூடும் முன் பாருங்கள்

கைப்பிடி ஆடத் தொடங்கினால் குறை பெரும்பாலும் குழாயில் இருப்பதில்லை, காலில்தான் இருக்கும். தூணின் அடித்தட்டை வெறும் கிரானைட்டில் மட்டும் பொருத்தி, மேலே பளபளப்பான வட்ட மூடியைக் கவிழ்த்துவிட்டால், பார்வைக்கு எல்லாம் சரியாகவே தெரியும். அடித்தட்டைப் பிடித்து நிறுத்தும் ஆங்கர் போல்ட் கல்லையும் அதன் அடியிலுள்ள கலவையையும் தாண்டிக் கான்கிரீட்டுக்குள் இறங்கியிருக்க வேண்டும். படியின் விளிம்புக்கு மிக அருகில் துளையிட்டால் கல்லும் கான்கிரீட்டும் சேர்ந்தே தெறிக்கும். குறைந்தது மூன்று அங்குலமாவது உள்ளே தள்ளித் துளையிடச் சொல்லுங்கள். அதற்கு இடமில்லாத குறுகிய படியில், தூண்களைப் படிக்கட்டின் பக்கவாட்டில் பொருத்துவது நல்லது. நடக்கும் அகலமும் குறையாது. இன்னும் கட்டத் தொடங்காதவர்களுக்கு இதைவிட எளிய வழி உண்டு: படிக்குக் கான்கிரீட் போடும் அன்றே, தூண் வரும் இடங்களில் கம்பியோடு சேர்த்து இரும்புத் தகடுகளைப் பதித்துவிட்டால், பிறகு தூணை அதன்மேல் பற்றவைப்பதோடு வேலை முடிந்துவிடும்.

சுவரில் பொருத்துபவர்கள் பூச்சை நம்ப வேண்டாம். செங்கல்லுக்குள் இறங்க வேண்டும். எடை குறைந்த ஏஏசி கல்லால் கட்டிய சுவராக இருந்தால் சாதாரண ஆங்கர் போல்ட் பிடிக்காது. கெமிக்கல் ஆங்கர் எனப்படும் பசை நிரப்பிப் பொருத்தும் முறையே பாதுகாப்பானது.

தூண்களுக்கு இடையே நான்கடிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்க விதியில் கைப்பிடியின் எந்த இடத்திலும் 200 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 90 கிலோ விசையைத் தாங்க வேண்டும் என்று இருக்கிறது. ஒரு பெரிய ஆள் தடுமாறித் தன் முழு எடையையும் அதன்மேல் போடுவதாக வைத்துக்கொண்டால் அந்த எண் புரியும். மூடிகளைக் கவிழ்ப்பதற்கு முன் அங்கே நின்று, ஒவ்வொரு தூணிலும் எத்தனை போல்ட் இருக்கிறது, முடுக்கியிருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

ஐந்தாவது வேலை: எந்தப் பொருள்?

வீட்டுக்குள் எந்தப் பொருளும் நிற்கும். மரம் கைக்கு இதமானது. கோடையில் சுடாது, மார்கழியில் சில்லிடாது. தேக்கில் உருண்டையாகவோ முட்டை வடிவிலோ கடைந்து வாங்குங்கள். கண்ணாடித் தடுப்பை விரும்புபவர்கள், கடினப்படுத்திய கண்ணாடி உடைந்தால் சிறு துண்டுகளாகக் கொட்டிவிடும் என்பதை அறிந்திருக்க வேண்டும். நடுவே படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி உடைந்தாலும் இடத்தை விட்டு நகராது. மாடியில் அதைத்தான் போட வேண்டும், அதன் மேலே பிடிப்பதற்குத் தனியே ஒரு குழாயும் வேண்டும்.

வெளிப்படிக்கட்டுக்குத்தான் யோசனை தேவை. எஸ்.எஸ். என்று பொதுவாகச் சொல்லப்படும் எவர்சில்வர் குழாயில் 202, 304, 316 என்று வகைகள் உண்டு. 304இல் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருக்கும். 202இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைச் சேர்த்திருப்பார்கள். விலை குறைவு, துருவை எதிர்க்கும் திறனும் குறைவு. தூத்துக்குடி, நாகப்பட்டினம், சென்னையின் கடற்கரையோரப் பகுதிகள் போன்ற உப்புக்காற்று படும் ஊர்களில் 202 வெகு விரைவில் பழுப்புப் புள்ளி காட்டும். அங்கே 304 வேண்டும். கடலை ஒட்டியே வீடு இருந்தால் மாலிப்டினம் கலந்த 316 நல்லது. காந்தம் ஒட்டாவிட்டால் 304 என்று சொல்வதை ஏற்க வேண்டாம், ஏனென்றால் 202இலும் காந்தம் ஒட்டாது. எவர்சில்வர் வகையைக் கண்டறியும் சோதனைத் திரவத்தைக் குழாயின்மேல் ஒரு துளி விட்டு மின்கலத்தால் தொட்டால், மாங்கனீசு மிகுந்த 202இல் அந்தத் துளி சிவந்து காட்டிக்கொடுக்கும். கடைக்காரரையே செய்து காட்டச் சொல்லலாம்.

கனத்தையும் சரிபார்க்க எளிய வழி உண்டு. ஒன்றரை அங்குல விட்டமுள்ள 20 அடிக் குழாய், 1.5 மி.மீ. கனம் இருந்தால் எட்டே கால் கிலோவுக்கு அருகில் நிற்கும், 1.2 மி.மீ. என்றால் ஆறே முக்கால் கிலோதான். தராசில் வைத்தால் ஐயம் தீர்ந்துவிடும். விலைப்புள்ளியில் ரன்னிங் அடிக்கு இவ்வளவு என்று மட்டும் எழுதியிருந்தால், வகையையும் கனத்தையும் சேர்த்து எழுதி வாங்குங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். எவர்சில்வர் கைப்பிடிக்கு அருகில் சாதாரண இரும்பை அறுக்கவோ தேய்க்கவோ விடாதீர்கள். தெறிக்கும் இரும்புத்தூள் அதன்மேல் ஒட்டித் துருப்புள்ளியாகும். அதேபோல், டைல்ஸில் ஒட்டிய சிமெண்டை ஆசிட் ஊற்றிக் கழுவும் வேலை கைப்பிடி வைப்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும், ஏனெனில் அந்த ஆவி பட்டாலே நல்ல 304கூடக் கறுத்துக் குழிவிடும்.

அக்கினி நட்சத்திர வெயிலில் மொட்டைமாடிப் படியின் உலோகக் கைப்பிடியைத் தொட முடியாது. வடகம் காயப்போட வெறுங்கையோடு ஏறுபவர் அதைத் தொடாமலே இறங்குவார். அப்படியானால் அது இருந்தும் இல்லாததுபோல்தான். மேல்பகுதிக்கு மட்டும் மரம் வைப்பதோ, படிக்கு மேல் ஒரு கூரை இறக்குவதோ இதற்குத் தீர்வு.

ஆறாவது வேலை: இப்போது அழகு

மேலே சொன்னவை முடிவானதும் அழகுக்கு நிறைய இடம் மிஞ்சுகிறது. என் கண்ணுக்குக் கைப்பிடியின் அழகு அதன் கோட்டில்தான் இருக்கிறது: கீழிருந்து மேல்வரை அறுபடாமல், திருப்பத்தில் முறியாமல் வளைந்து செல்லும் ஒரே கோடு. திருப்பங்களில் நேராக வெட்டி ஒட்டிய மூலைகளுக்குப் பதிலாக வளைகுழாய் கேளுங்கள், கைக்கும் தடையிராது. பூவும் மயிலும் வைத்த வார்ப்பிரும்பு வேலைப்பாடு பிடித்திருந்தால் அதைத் தடுப்பின் நடுப்பகுதியில் வையுங்கள், கை ஓடும் மேற்பகுதியில் வேண்டாம். நிறத்தைச் சுவரிலிருந்து வேறுபடுத்திக் காட்டுங்கள். வெள்ளைச் சுவரில் வெள்ளைக் கைப்பிடி படத்துக்கு நன்றாக இருக்கும்; கண்புரை உள்ளவருக்குத் தெரியவே தெரியாது.

நடைபாதைக்கும் சரிவுப் பாதைக்கும்

படுக்கையறையிலிருந்து குளியலறைக்குச் செல்லும் வழியில் சுவரோரமாக ஒரு கைப்பிடி ஓட்டுவது பெரிய செலவில்லை. வாசலில் சக்கர நாற்காலிக்குச் சரிவு அமைத்தால், ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் இருக்க வேண்டும். கைப்பிடி இரண்டு பக்கமும், நடப்பவருக்கு 900 மி.மீ. உயரத்திலும் அமர்ந்திருப்பவருக்கு ஏறத்தாழ 700 மி.மீ. உயரத்திலும் இரண்டு வரிசையாக வேண்டும்.

பணம் கொடுக்கும் முன்

வேலை முடிந்த அன்று ஒரு பழைய நூல்சேலைத் துண்டை எடுத்து, கைப்பிடியைச் சுற்றிப் பிடித்து, மேலிருந்து கீழ்வரை ஒருமுறை மெல்ல ஓட்டுங்கள். பற்றவைத்த இடங்களில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு இருந்தால் நூல் சிக்கும். சிக்கிய இடத்தைச் சாக்கட்டியால் குறித்து, அங்கே மறுபடி பஃபிங் செய்து வழவழப்பாக்கச் சொல்லுங்கள். பிறகு இரவில் விளக்கை அணைத்துவிட்டு, கைப்பிடியை மட்டும் பிடித்துக்கொண்டு நீங்களே ஒருமுறை மெல்ல இறங்கிப் பாருங்கள். எங்கள் வீட்டில் மூன்று இடங்களில் துணி சிக்கியது. அவற்றைச் சரிசெய்த பிறகுதான் மீதிப் பணத்தைக் கொடுத்தேன்.