வலப்பக்கம் ஓடிய பந்து: கோல்ஃப் அயர்ன் வாங்குபவர்கள் கவனிக்க

சேலத்தில் பழைய கோல்ஃப் அயர்ன் (உலோகத் தலை கொண்ட மட்டை, அதாவது கிளப்) செட் ஒன்று வாங்கினேன். கேவிட்டி பேக் (தலையின் பின்புறம் குழிவானது), ரெகுலர் ஷாஃப்ட் (நடுத்தர விறைப்புள்ள தண்டு). புதிதாக ஆடுபவருக்குப் பொருத்தமானதுதான். ஆனால் பந்து நேரே போகாமல் வலப்பக்கமே போனது. பிடியை மாற்றினேன், நிற்கும் விதத்தை மாற்றினேன், இன்னும் மென்மையான ஷாஃப்டை இரவல் வாங்கியும் அடித்தேன். பலனில்லை.

ஏற்காட்டில் நண்பரின் தோட்டத்துப் புல்வெளியில் ஒன்று கண்ணில் பட்டது. நீளமான 5ஆம் எண் அயர்ன் கொஞ்சம்தான் விலகியது. குட்டையான, முகம் அதிகம் பின்சாய்ந்த 9ஆம் எண் அதிகம் விலகியது. வீச்சில் குறை என்றால் பெரும்பாலும் நேர்மாறாக, நீளமான கிளப்தான் அதிகம் விலகும். ஆனால் லை கோணம் (தண்டு தரையோடு சேரும் கோணம்) பிசகினால், முகச்சாய்வு கூடக்கூட அதன் விளைவும் கூடும்.

சரி என்று கிளப் தலையின் அடிப்பாகத்தில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, ப்ளைவுட் பலகை மேல் வைத்து அடித்தேன். டேப்பில் தேய்ந்த தடம் நடுவில் இல்லை, நுனிப்பக்கம் (தண்டிலிருந்து தள்ளியிருக்கும் முனை) இருந்தது. என் உயரத்துக்கு அந்தக் கோணம் தட்டை. குதிப்பக்கம் (தண்டு சேரும் முனை) தூக்கிக்கொண்டு, முகம் வலப்பக்கம் பார்க்கிறது.

கோவையில் கிளப் பழுதுபார்ப்பவர் ஒவ்வொன்றையும் 2 டிகிரி நிமிர்த்தி வளைத்துக் கொடுத்தார். என்னுடையது வார்ப்பு முறையில் செய்த அயர்ன், இதற்கு மேல் வளைத்தால் உடையலாம் என்றார். ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கியது) என்றால் எளிதாக வளையுமாம். இப்போது தடம் நடுவில் விழுகிறது, பந்தும் நேரே போகிறது. அப்பாடா!